ஆறு மாதம் காலியாக இருக்க வேண்டிய நாற்காலி

மடத்துக்குளம்
12.6.2024

கண்ணு இந்துமதிக்கு,

நீ சங்கத்தில் சேர்ந்த அன்றைக்கு அந்த மாடி ஹாலில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். சுகம் விசாரிப்பது அப்புறம்.

கணக்காளர் சங்கத் தலைவர் சுப்பண்ணன். செயலாளர் சிவபிரகாஷ். பேங்கில் வேலை பார்த்துவிட்டுக் கம்பெனிக்கு வந்த கிருத்திகா. என் தலைக்கு மேல் ஓடின ஃபேனை நிறுத்தின அந்தோணிராஜ். கீழே மெஸ்ஸிலிருந்து காப்பி கொண்டுவந்த ராக்கையா. உன்னோடு சேர்ந்து உறுதிமொழி எடுத்த ஜோதிகா. அவளுக்குச் சாட்சி நின்ற அவள் அம்மா வெள்ளையம்மாள். பாதிக் கூட்டத்தில் வந்து செல்போனையே பார்த்துக்கொண்டிருந்த உன் புருசன் அருண்குமார். நீ. நான். வேறு முப்பது பேர் இருந்தார்கள், அவர்கள் எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

ராக்கையா கேட்காமலே சர்க்கரை இல்லாத காப்பியை என் கையில் கொடுத்தார். எனக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறதென்று அவருக்கு யார் சொன்னது? போகட்டும். அந்தச் சிவபிரகாஷை மறக்க மாட்டேன். வெள்ளையம்மாளுக்குப் பேனாவைக் கொடுத்தவர், என் பக்கம் திரும்பி மைப்பெட்டியை நீட்டினார். "ஏனுங்க ஆத்தா, இங்க ஒரு ரேகை வைங்க" என்றார். "ஏனுங்க, உங்க சங்கத்துல ஒரே ஒரு பேனாதானுங்களா?" என்று கேட்டேன். கிருத்திகா சிரித்தாள். அதையும் குறித்து வைத்திருக்கிறேன். அறிவொளி வகுப்பில் ஐம்பது வயதில் எழுதப் படித்தவள் நான். பெரியாத்தாள் என்று ஆறு எழுத்தும் கோடு தாண்டாமல் போட்டேன். பார்த்தாய்தானே.

உறுதிமொழி எனக்கு மனப்பாடம். கண்ணால் பார்க்காததில் கையெழுத்துப் போட மாட்டேன். பொய்க் கணக்கில் கையெழுத்துப் போட மறுத்து ஒரு உறுப்பினர் எழுந்துபோன நாற்காலியில் ஆறு மாதம் உட்கார மாட்டேன். அது எதற்கு என்று சுப்பண்ணன் மைக்கில் சொன்னார். "மறுத்தவன் போன மறுநாளே முதலாளிக்கு வேற ஆள் கெடச்சுட்டா, மறுத்ததுக்கு என்னங்க அர்த்தம்? நாற்காலி காலியாக் கெடந்தாத்தான் அவரு யோசிப்பாரு." ஆளைப் பார்த்தால் சாது, பேச்சு சரியாக இருந்தது. வீட்டுப் பெரியவரைச் சாட்சிக்கு நிறுத்துகிற வழக்கமும் நல்லது. சாட்சி கையெழுத்தை எடுத்துவிட்டால் ஆள் சங்கத்தில் இல்லை என்றாரே, அதுவும் சரி.

சாப்பிடும்போது ஜோதிகா எனக்குக் கேட்கிற இடது காதுப் பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தாள். கெட்டிக்காரி. ஆச்சி ஆச்சி என்கிறாள், அவர்கள் ஊர் வழக்கமாம். "எங்க ஆபீஸ் ஜன்னலுக்கு வெளிய ஒரு நீலத் தொட்டி இருக்கு ஆச்சி. தெனம் பதினோரு மணிக்கு ஒரு மயில் வந்து உக்காந்து என்னையே பாக்கும். அதுக்கு ஆடிட்டர்னு பேர் வச்சிருக்கோம்" என்றாள். மேஜையில் மூன்றாவது டிராயர் முழங்காலால் ஒரு இடி இடித்தால்தான் திறக்குமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் யாரோடும் சட்டென்று சிரிக்கிறவள் இல்லை, உனக்கே தெரியும்.

போனில் கூப்பிடாதே. நீ பேசுவது கொசு பாடுவதுபோல் இருக்கிறது. அதோடு போனில் சொன்னதை நாளைக்கு இல்லை என்று சொல்லிவிடலாம். எழுது. கால் வீக்கம் தவிர நான் சுகம். உன் தலைவலி எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
அம்மாயி


திருப்பூர்
30.6.2024

அன்புள்ள அம்மாயிக்கு,

நாங்கள் நலமாக இருக்கிறோம். தலைவலி குறைந்திருக்கிறது. கால் வீக்கத்துக்கு வெந்நீர் மட்டும் போதாதுங்க, டாக்டரிடம் காட்டுங்கள்.

சிவபிரகாஷ் அண்ணனிடம் மைப்பெட்டி விஷயத்தைச் சொன்னேன். "ஐயோ, அந்தம்மா இன்னும் ஞாபகம் வச்சிருக்காங்களா" என்றார். "இன்னும் முப்பது வருசம் வச்சிருப்பாங்க" என்றேன்.

சங்க வேலை நிறைய இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் ஜோதிகாவும் பி.காம் முடித்த பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறோம். கல்லூரியில் படித்ததற்கும் பனியன் கம்பெனியில் நடப்பதற்கும் சம்பந்தமே இல்லை என்று அவர்கள் மிரண்டுபோய் வருகிறார்கள். நூல் வரவு எப்படி, சாயப்பட்டறை பில் எப்படி, ஏற்றுமதிப் பத்திரம் எப்படி என்று ஒன்றிலிருந்து சொல்லிக்கொடுக்கிறோம். முதல் நாள் போர்டில் நான் எழுதுகிற முதல் வரி, கண்ணால் பார்க்காததில் கையெழுத்து இல்லை. மதியத்துக்கு மேல் சிறு பட்டறைக்காரர்கள் வருவார்கள். ஜி.எஸ்.டி. நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு யாரைக் கேட்பது என்று தெரியாதவர்கள். அவர்களுக்குக் கட்டணம் இல்லாமல் பதில் எழுதிக் கொடுக்கிறோம்.

என் கம்பெனியில் எல்லாம் பழையபடிதான். ஒன்பது வருடமாக உதவி மேலாளர். எனக்கு மேலே இருப்பவர் ஓய்வு பெறுவதாக இல்லை. என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பிள்ளைகள்கூட என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். சரி, அதை விடுங்கள்.

அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள்
இந்துமதி


திருப்பூர்
20.8.2024

அன்புள்ள அம்மாயிக்கு,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். ஒரு செய்தி சொல்லத்தான் அவசரமாக எழுதுகிறேன்.

ஜோதிகா வேலையை விட்டுவிட்டாள். மாதம் ஒருமுறை கடன் கொடுத்த பேங்குக்கு இருப்புக் கணக்கு கொடுக்க வேண்டும், கிடங்கில் எவ்வளவு நூல் இருக்கிறது, எவ்வளவு துணி இருக்கிறது என்று. அவள் கிடங்குக்குப் போய் மூட்டையை எண்ணியிருக்கிறாள். பேப்பரில் இருந்ததில் பாதிகூட அங்கே இல்லை. முதலாளி, "எல்லாக் கம்பெனியிலயும் இப்படித்தான்மா, கையெழுத்தப் போடு" என்றாராம். இவள் பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். ஆகஸ்டு பன்னிரண்டு.

சங்கத்தில் அவசரக் கூட்டம் போட்டார்கள். சுப்பண்ணன் ஐயா, "பிப்ரவரி பன்னண்டு வரைக்கும் அந்த நாற்காலி காலிங்க. சம்மதிக்கறவங்க கை தூக்குங்க" என்றார். எல்லோரும் தூக்கினோம். நானும்தான். ஜோதிகா முதல் வரிசையில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சின்னப் பட்டறைகளின் கணக்கு வேலை இரண்டு மூன்று சங்கத்தின் மூலம் பிடித்துக் கொடுத்திருக்கிறோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
இந்துமதி


மடத்துக்குளம்
3.9.2024

கண்ணு இந்துமதிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். மூன்றாம் தரம் உன் மாமனைப் படிக்கச் சொல்லி அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "சம்பளம் குடுக்கறவன் சொன்னா போட்டுட்டுப் போக வேண்டியதுதானுங்களே" என்கிறான். அவன் புத்தி அப்படி. நம் தென்னந்தோப்பு வரப்பு விவகாரத்தில் அவன் எங்கே கையெழுத்துப் போட்டான் என்பதை நான் மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

நீ கை தூக்கினது நல்லது. அந்தோணிராஜ் தூக்கினாரா? ஃபேனை நிறுத்தினவர் எதையும் செய்வார். கிருத்திகா தூக்கினாளா? ஒவ்வொருவரையும் பார்த்து வைத்துக்கொள். ஆறு மாதம் என்பது வாயால் சொல்லக் கொஞ்சம்தான்.

காங்கேயத்துத் தேங்காய் எண்ணெய் ஒரு டின் அனுப்புகிறேன். பாதி உனக்கு, பாதி வெள்ளையம்மாளுக்கு. கூட்டத்தில் அவள் எனக்கு முன்னால் போய் முதல் நாற்காலியில் உட்கார்ந்தாள், அது எனக்கு நினைவிருக்கிறது. இருந்தாலும் கொடு. பிள்ளை வேலையில்லாமல் இருக்கும்போது தாய்க்காரி சரியாகச் சாப்பிட மாட்டாள்.

கால் அப்படியேதான் இருக்கிறது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். அவரையும் குறித்துவைத்திருக்கிறேன்.

அம்மாயி


திருப்பூர்
28.10.2024

அன்புள்ள அம்மாயிக்கு,

எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். எல்லோரும் நலம். உங்களுக்குத் தீபாவளிச் சேலை அனுப்பியிருக்கிறேன். மாம்பழ மஞ்சள், உங்களுக்குப் பிடித்த சன்னக் கரை.

எனக்கு நல்ல செய்தி. புது வேலைக்குப் போய்விட்டேன். பதவியின் பெயர் நிதித் தலைவர். தனி அறை, எனக்குக் கீழே ஆறு பேர். ஒன்பது வருடம் காத்திருந்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது. அருண் மூன்று வீட்டுக்கு இனிப்புக் கொடுத்தார்.

அறை நன்றாக இருக்கிறது, ஜன்னலும் பெரிது. மேஜைதான் பழசு. ஒரு டிராயர் சிக்கிக்கொள்கிறது, அதைத் திறந்து திறந்து முழங்காலில் நீலம் பாரித்துவிட்டது. ஆபீசில் எல்லோரும் சிரிக்கிறார்கள். வெளியே ஒரு மயில் வந்து உட்காருகிறது. பார்த்ததும் உங்கள் தோப்பு ஞாபகம் வந்தது.

வேலை அதிகம் என்பதால் சங்கத்துக்குப் போக நேரம் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பையும் இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறேன். வெள்ளையம்மாளுக்கான எண்ணெயை இன்னும் கொடுக்கவில்லை, கொடுத்துவிடுகிறேன்.

தீபாவளிக்கு எண்ணெய் வைத்துக் குளியுங்கள். ஈரத் தலையோடு வாசலில் நிற்காதீர்கள்.

உங்கள்
இந்துமதி


மடத்துக்குளம்
9.11.2024

இந்துமதிக்கு,

சேலை வந்தது. பிரிக்கவில்லை. பெஞ்சு மேல் கவரோடு இருக்கிறது. தீபாவளிக்குப் பழைய சேலை கட்டிக்கொண்டேன். உன் அம்மா கேட்டதற்கு, கரை பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

மூன்று கேள்வி கேட்கிறேன். மூன்றுக்கும் பதில் எழுது.

ஒன்று. அந்த மயில் எத்தனை மணிக்கு வருகிறது?

இரண்டு. அது உட்காருகிற தொட்டி என்ன நிறம்? நீ தொட்டி என்று எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

மூன்று. அந்த மேஜையில் உனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் மூடிவைத்த பேனாவை நீ திறந்தாயா?

ஜூன் மாதம் நீ மேடையில் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தபோது, கீழே எனக்குப் பக்கத்தில் ஒருத்தி சாப்பிட்டுக்கொண்டே பேசினாள் என்று எழுதியிருந்தேன். நீ என் கடிதங்களைச் சரியாகப் படிப்பதில்லை. நான் உன் கடிதங்களைப் படிக்கிறேன்.

எண்ணெயை ஏன் இன்னும் கொடுக்கவில்லை என்று நான்காவதாகக் கேட்கலாம். அதற்குப் பதில் எனக்கே தெரியும்.

உடம்பு இருக்கிறது.

பெரியாத்தாள்


திருப்பூர்
20.12.2024

அன்புள்ள அம்மாயிக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. தினமும் எழுத உட்கார்ந்தேன். அம்மா போனில் உங்களுக்கு இருமல் என்று சொன்னாள். இப்போது பரவாயில்லையா?

ஆமாங்க. அது ஜோதிகா இருந்த கம்பெனிதான். ஆனால் இது அந்த வேலை இல்லை. அவள் கணக்குப் பிரிவு மேலாளர். இப்போது அந்தப் பதவியே கிடையாது, எடுத்துவிட்டார்கள். எனக்குக் கொடுத்தது நிதித் தலைவர். முதலாளி என்னைக் கூப்பிட்டபோது நானே இதைக் கேட்டேன். அவர் நியமன உத்தரவில் தெளிவாக எழுதிக் கொடுத்திருக்கிறார். சங்க விதியில் இருப்பது "அந்த நாற்காலி" என்று. விதிப்படி பார்த்தால் நான் எதையும் மீறவில்லை.

அது மட்டுமில்லை. நான் வந்ததால் இங்கே எல்லாம் சரியாகும் என்று நினைத்தேன். நல்ல ஆள் ஒருவர் உள்ளே இருந்தால்தானே மாற்ற முடியும்? நாற்காலியைக் காலியாகப் போட்டுவைத்தால் என்ன மாறிவிடும்?

ஒன்பது வருடம், அம்மாயி. என் கூடப் படித்தவர்கள் எல்லாம் எங்கே இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. என்னை யாரும் தேடி வந்து கூப்பிட்டதில்லை. முதல் முறையாக ஒருவர் கூப்பிட்டார்.

ஜோதிகா சங்கத்தில் புகார் எதுவும் கொடுக்கவில்லை. பாதிக்கப்பட்டவள் எழுதிக் கொடுத்தால்தான் சங்கம் விசாரிக்கும். அவளே பேசாமல் இருக்கும்போது நாம் ஏன் பெரிதாக்க வேண்டும்?

மயில் பதினோரு மணிக்கு வருகிறது. தொட்டி நீலம்.

அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

இந்துமதி


மடத்துக்குளம்
6.1.2025

இந்துமதிக்கு,

இருமல் போய்விட்டது. வெள்ளிக்கிழமை அவிநாசிக்குப் போனேன். உன் மாமனிடம் கோயிலுக்கு என்றேன். கோயிலுக்கும் போனேன், பொய் இல்லை. ஒரு டின் எண்ணெய் புதிதாக வாங்கிக்கொண்டு வெள்ளையம்மாள் வீட்டுக்குப் போனேன். முழு டின்.

ஒற்றை அறை வீடு. வெள்ளையம்மாள் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், ஓட்டையும் கறையும் பார்த்துத் தள்ளுகிற வேலை. என்னைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டாள். "வாங்க, உக்காருங்க. காப்பி குடிக்கீகளா? சீனி போடலாம்லா?" என்று கேட்டாள். கேட்டாள், பார்த்துக்கொள். இருபது வருடம் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகின தொண்டை. அவள் பேசினது ஒவ்வொன்றும் எனக்குக் காதில் விழுந்தது.

"உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்றேன்.

"தெரியாம என்ன. அந்த ஆபீஸ் வாட்ச்மேன் எங்க ஊர்க்காரருதான. இந்து மேடம் வந்த அன்னைக்கே சொல்லிட்டாரு."

"உங்க பிள்ளை ஏன் சங்கத்துக்கு எழுதிக் குடுக்கலீங்க?"

"நான் சொல்லாமலா இருப்பேன்? எழுத மாட்டேங்கா. 'யம்மா, போர்டுல அந்த மொத வரிய எழுதச் சொல்லிக் குடுத்ததே இந்து அக்காதான். அவுகளப் பத்தி நான் எந்தக் கையால எழுத'ங்கா."

அப்புறம் வெள்ளையம்மாள் சொன்னாள், நீ அங்கே உட்கார்ந்ததற்கு முந்தின வாரம்தான் அந்த முதலாளி ஜோதிகாவுக்கு ஆள் அனுப்பினாராம். மூட்டையை எண்ணியே கணக்கு எழுதலாம், திரும்பி வரச் சொல்லுங்கள் என்று. இரண்டு மாதம் ஆள் கிடைக்காமல் அலைந்து பார்த்துவிட்டு இறங்கி வந்திருக்கிறார். இவள் திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். சனிக்கிழமை அவர், "இனி வேண்டாம், ஆள் கெடச்சிருச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நாற்காலியைக் காலியாகப் போட்டால் என்ன மாறும் என்று கேட்டாயே. அதுதான் மாறியிருக்கும்.

பதவிக்கு வேறு பெயர் வைத்தது அவர் சாமர்த்தியம். டிராயர் அதே டிராயர்தான். அது உன் முழங்காலுக்குத் தெரிகிறது.

என் மூன்றாவது கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. இரண்டுக்கு எழுதிவிட்டு மூன்றை விட்டுவிட்டால் எனக்கு எண்ணத் தெரியாது என்று நினைத்தாயா?

ஊரில் ரேஷன் கடையில், பஞ்சாயத்தில், பேங்கில், எல்லா இடத்திலும் என் கட்டை விரலைத்தான் பிடிப்பார்கள். உன் சங்கத்தில்தான் முதல் தடவை ஒரு பெரிய விஷயத்துக்குப் பேனாவால் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தின் மேல் நீ உட்கார்ந்திருக்கிறாய்.

பிப்ரவரி ஒன்றாம் தேதி சனிக்கிழமை உங்கள் மாதக் கூட்டம். அதற்குள் நீயே எழுந்து சொல்லிவிட்டால் நான் வர வேண்டியதில்லை. இல்லையென்றால் உடுமலை பஸ் பிடித்து நான் வருவேன். என் கையெழுத்தை எடுத்துக்கொண்டு திரும்புவேன். மைப்பெட்டி தேவைப்படாது.

வெள்ளையம்மாள் வழியனுப்ப பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாள். அவளுக்கு அரை நாள் சம்பளம் போயிருக்கும்.

பெரியாத்தாள்


திருப்பூர்
5.2.2025

அம்மாயிக்கு,

உங்கள் கால் எப்படி இருக்கிறது? இருமல் திரும்ப வரவில்லையே? இதை எழுதிவிட்டு மற்றதை எழுதுகிறேன், இல்லாவிட்டால் கை ஓடாது.

மூன்றாவது கேள்விக்குப் பதில். திறந்தேன். டிசம்பர் பத்தாம் தேதி கையெழுத்துப் போட்டேன். முதல் மாதம் தீபாவளி விடுமுறையைச் சொல்லித் தள்ளிவிட்டேன். இரண்டாம் மாதம் முதலாளியே பேப்பரோடு அறைக்கு வந்து நின்றார். நான் கிடங்குக்குப் போகவில்லை. போனால் பார்த்துவிடுவேன் என்று தெரியும். போகாமலே போட்டேன்.

முதலாளி ஜோதிகாவைத் திரும்பக் கூப்பிட்டது எனக்குச் சத்தியமாகத் தெரியாது, அம்மாயி. உங்கள் கடிதத்தில்தான் படித்தேன். அதற்கப்புறம் அந்த அறையில் உட்கார முடியவில்லை. ஜனவரிக் கணக்கில் கையெழுத்துப் போடாமல் தள்ளிக்கொண்டே வந்தேன்.

ஜனவரி இருபத்தேழாம் தேதி கிடங்குக்குப் போய் மூட்டையை எண்ணினேன். டிசம்பரில் கொடுத்த கணக்கு தவறு, வந்து எண்ணிப் பாருங்கள் என்று பேங்குக்கு என் பெயரில் கடிதம் கொடுத்தேன். முதலாளியிடமும் ஒரு நகல் கொடுத்தேன். அவர் சத்தம் போடவில்லை. "ரெண்டு பேரும் ஒரே மாதிரி பைத்தியமா இருக்கீங்களேம்மா" என்றார். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வர வேண்டாம், நானே சொல்கிறேன் என்று அம்மா மூலம் உங்களுக்குச் சொல்லி அனுப்பினபடி, சனிக்கிழமை கூட்டத்தில் நான் எழுந்து நின்றேன். இருந்தவர்களை எழுதுகிறேன், நீங்கள் கேட்பீர்கள். சுப்பண்ணன் ஐயா, சிவபிரகாஷ் அண்ணன், கிருத்திகா, அந்தோணிராஜ், காப்பி கொண்டுவந்த ராக்கையா, ஜோதிகா, அவள் அம்மா, அருண். அருண் இந்த முறை சீக்கிரமே வந்துவிட்டார், செல்போனை வெளியே எடுக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பதவியின் பெயரை மாற்றச் சொல்லிக் கேட்டது நான்தான் என்பதையும் சொன்னேன்.

கிருத்திகா அழுதாள். சுப்பண்ணன் ஐயா, "ஒரு வருசத்துக்கு ஓட்டும் பொறுப்பும் இல்லீங்க அம்மிணி. வகுப்புக்கு வரலாம், பின்னாடி பெஞ்சில" என்றார். சரி என்றேன்.

அப்புறம் அந்தோணிராஜ் எழுந்து ஒரு சந்தேகம் கேட்டார். "இவங்களும் கடைசியில மறுத்துத்தான வெளிய வந்திருக்காங்க. இப்ப இவங்க எழுந்த நாற்காலிக்கும் ஆறு மாசம் உண்டா, இல்லையா?" சுப்பண்ணன் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். விதியில் அப்படி ஒன்று எழுதவில்லை.

முதல் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. ஜோதிகா. திரும்பிக்கூடப் பார்க்காமல் தூக்கினாள். அப்புறம் வெள்ளையம்மாள் தூக்கினார், அவருக்கு ஓட்டே கிடையாது. அப்புறம் எல்லோரும். ஜூலை இருபத்தேழு வரைக்கும் அந்த நாற்காலி காலி.

முடிந்ததும் ஜோதிகாவிடம் போனேன். "அந்த டிராயருக்கு வலது முழங்கால் ஆகாதுக்கா, இடதுலதான் இடிக்கணும்" என்றாள். சிரித்தாள். நான்தான் சிரிக்கவில்லை.

அம்மாயி, அவள் மன்னித்துவிட்டாள். நீங்கள்?

இந்துமதி


மடத்துக்குளம்
17.2.2025

கண்ணு இந்துமதிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதிலை யோசித்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்காதே. எழுதக் காகிதம் வாங்கிவர உன் மாமனுக்கு இவ்வளவு நாளாயிற்று. அதையும் குறித்துக்கொண்டேன்.

சுகம் விசாரிப்பதை முதலில் முடித்துவிடுகிறேன். கால் வீக்கம் வடிந்துவிட்டது. உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதாள், அப்புறம் உனக்கென்று முறுக்கு சுட்டாள். சிவராத்திரிக்கு வா. வேலையில்லாமல் வருகிறோமே என்று கூசாதே. இந்த வீட்டில் உனக்குச் சோறு போட நியமன உத்தரவு தேவையில்லை. அருணையும் கூட்டி வா. மஞ்சள் சேலை இன்னும் கவரில்தான் இருக்கிறது. அதைப் பிரிப்பதா வேண்டாமா என்று அந்த ஆறு மாதம் முடிந்ததும் பார்க்கலாம்.

என் கையெழுத்தை நான் எடுக்கப்போவதில்லை. எடுத்தால் உனக்குச் சாட்சி நிற்க வேறு யார் இருக்கிறார்கள்? பின்னாடி பெஞ்சில் உட்கார்ந்தாலும் நீ அந்தச் சங்கத்து ஆள்தான். ஒரு வருடம் கழித்து உன்னை முன்னால் கூப்பிடும்போது நான் வருவேன். என் பேனாவை நானே கொண்டுவருவேன்.

இனி அந்த ஹாலில் இருந்தவர்கள்.

ராக்கையாவைச் சர்க்கரை இல்லாத காப்பிக்காக மன்னித்துவிட்டேன். வயதானவர்களுக்கெல்லாம் அப்படித்தான் கொடுப்பாராம், கெட்ட எண்ணம் இல்லை. அந்தோணிராஜ் ஃபேனை நிறுத்தியதை மன்னித்தேன். அந்தக் கேள்வியைக் கேட்க அவர் ஒருவருக்குத்தான் வாய் வந்திருக்கிறது. கிருத்திகா சிரித்ததும் அழுததும் சரிக்குச் சரியாகப் போயிற்று. அருண்குமார் சீக்கிரம் வந்ததற்காகத் தாமதமாய் வந்ததை விட்டுவிடுகிறேன். சுப்பண்ணன் மேல் எனக்கு எப்போதும் எதுவும் இல்லை. சிவபிரகாஷ் போன வாரம் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார், சங்கத்து முத்திரை போட்டு, "மரியாதைக்குரிய சாட்சி பெரியாத்தாள் அவர்களுக்கு" என்று. அதில் மைப்பெட்டியைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. மன்னித்தேன். வெள்ளையம்மாள் முதல் நாற்காலியில் உட்கார்ந்ததும் சரிதான், அது அவள் உட்கார வேண்டிய இடம். ஜோதிகாவிடம் எனக்கு மன்னிக்க ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளை என்னோடு பேசிச் சிரிக்க வைத்தவள்.

நீ கேட்டதற்குப் பதில். ஜோதிகா மன்னித்தது அவள் பாடு. இழந்தவள் அவள், கொடுக்கிற உரிமை அவளுக்கு இருக்கிறது. சங்கம் ஒரு வருடத்தில் மறந்துவிடும், அது சங்கத்தின் விதி. ஆனால் சாட்சிக்கு அப்படி விதி இல்லை. சாட்சியும் மறந்துவிட்டால் அன்றைக்கு அந்த ஹாலில் நான் எதற்கு நின்றேன்? கிடங்குக்குப் போனால் பார்த்துவிடுவோம் என்று தெரிந்து போகாமல் இருந்தாயே, அந்த ஒன்றைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. நீ வரும்போது உன் தலைக்கு எண்ணெய் வைப்பேன், முறுக்கை எடுத்துக் கையில் கொடுப்பேன், முழங்கால் நீலம் போய்விட்டதா என்று பார்ப்பேன். அப்போதும் அந்தப் பட்டியலில் ஒரு பெயர் என்னிடம் இருக்கும்.

ஒரே ஒரு பெயர். என் மகள் வயிற்றுப் பேத்தி, இந்துமதி.